வார்ப்பில் உட்கார்ந்த தட்டு

கழற்றி மாட்டும் பல் தட்டு பொருந்தாமல் போவதற்குக் காரணங்கள் மூன்று என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அச்சு எடுத்ததில் பிழை. தட்டு வளைந்துபோனது. வாய் மாறிப்போனது. முதல் இரண்டுக்கும் பல வகுப்புகள் நடந்தன. மூன்றாவதைப் பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டார்கள். பல் எடுத்த இடத்தில் எலும்பு தேயும், வாய் சுருங்கும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். சுருங்குவதைத் தவிர வேறு விதமாகவும் ஒரு வாய் மாறலாம் என்று யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில், சென்னையில் பல் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பல் பிரிவுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் டாக்டரும் அவருடைய நாற்காலியும். பின்னறை என்னுடையது. அதில் ஒரு ஜன்னல், ஒரு சிமெண்டு மேடை, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஸ்பிரிட் விளக்கு, பிளாஸ்டர் மாவு டின், மெழுகு, அரங்கள். இவை போக ஓர் அலமாரி நிறைய வாய்கள் இருந்தன. வாயில் பசையை வைத்து அச்சு எடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், உள்ளே இருப்பது மேடும் பள்ளமுமாக அப்படியே வெள்ளையாக வெளியே வரும். அதுதான் வார்ப்பு. நான் எல்லோருக்கும் இரண்டு வார்ப்பு ஊற்றுவேன். ஒன்றின் மேல் தட்டைச் செய்வது. அது செய்து முடிக்கும்போது உடைந்துவிடும். இன்னொன்றில் தேதியும் ஊரும் எழுதி அலமாரியில் வைப்பேன். இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடு என்று டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் போடவில்லை.

அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்தவள். புருஷன் கட்டுமரத்தில் போவார். அவர் கொண்டுவந்ததையும் மற்றவர்களிடம் ஏலத்தில் எடுத்ததையும் இவள் புதுப்பட்டினம் சந்தையில் விற்பாள். பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கெங்கிருந்தோ வந்த ஆபீசர் வீட்டுப் பெண்கள் சந்தைக்கு வருவார்கள். பாஷை தெரியாத அவர்களிடம் வஞ்சிரத்தை விற்பதற்கு இவளைப் போல ஆள் கிடையாது என்று மகள் சொல்லுவாள். மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பக்கத்துக் குப்பத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது அவள்தான். என்னை அவள் அக்கா என்று கூப்பிடுவாள்.

முதல் தடவை வலது கன்னம் வீங்கி வந்தாள். வெற்றிலையோடு புகையிலையை அந்தப் பக்கத்தில்தான் அடக்கிக்கொள்வாளாம். மேல் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியிருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் கடைத்தெருவில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கின குழி ஆறவில்லை. டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் கை கழுவினார். அவர் கை கழுவும் நேரத்தை வைத்து நான் விஷயத்தைத் தெரிந்துகொள்வது வழக்கம்.

சென்னைக்கு அனுப்பினோம். ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அதற்கு முன்னால் வாயில் உள்ள கெட்ட பற்களை எல்லாம் எடுத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கரண்டு வைத்த எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் குழி மூடாது, எலும்பு செத்துப்போகும், ஆகவே முன்பே எடுத்துவிட வேண்டும். இதை டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவள் நாற்காலியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஆடாத பல்ல எதுக்கு நைனா புடுங்கற? அது இன்னா தப்பு பண்ணிச்சு?"

டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். முடிவில் அவள் வாயைத் திறந்தாள். இடது பக்கத்தில் நன்றாக இருந்த சில பற்களை மட்டும் விட்டுவைத்தோம். அவற்றில்தான் பின்னால் தட்டின் கம்பியை மாட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே, கல்பாக்கத்தில் கட்டுகிறார்களே அந்தக் கரண்டா இது என்று கேட்டாள். அதுவானால் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே, பஸ் செலவாவது மிச்சம் என்றாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவள் திரும்பி வந்தபோது, வந்தது யார் என்று நான் தடுமாறினேன். வலது பக்க மேல்தாடையை எடுத்திருந்தார்கள். அண்ணத்தில் பாதி இல்லை. வாயைத் திறந்தால் மூக்கின் உள்பக்கம் தெரிந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேசினால் காற்று முழுக்க மூக்கில் போய்விட்டதால் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி ஙகர ஒலியாக வந்தது. மகளுக்கே புரியவில்லை. சந்தையில் பேசாமல் மீன் விற்க முடியாது. ஒரு நாள் ஊமையைப் போலக் கையைக் காட்டி விற்றுப் பார்த்திருக்கிறாள். வாங்க வந்தவர்கள் மீனைப் பொறுக்கிக்கொண்டு, தோன்றியதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நுழைவாசலை ஒட்டி இருந்த அவளுடைய இடத்தில் இப்போது வேறொருத்தியின் கூடை இருந்தது. அந்த இடத்தைத் திருப்பி வாங்குவதற்கு அவளுக்கு வாய் வேண்டும். மகள் இதைச் சொல்லி முடித்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரை அல்ல.

அந்த ஓட்டையை அடைக்கும் தட்டு சாதாரணப் பல் தட்டு அல்ல. மேலே ஒரு குமிழ் இருக்கும். அண்ணத்தில் இருக்கும் குழிக்குள் அந்தக் குமிழ் போய் உட்கார வேண்டும். அச்சு எடுக்கும்போது பசை மூக்குக்குள் ஏறிவிடாமல் வாஸலின் தடவிய துணியை உள்ளே திணிக்க வேண்டும். கரண்டு வைத்த வாயில் எச்சில் வற்றிப்போயிருக்கும். விரல் பட்டாலே எரியும். அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பசையை எடுத்த பிறகு கண்களில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, உடனே பின்னறைக்கு வந்து என்னுடைய முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் செய்வதை எல்லாம் பார்த்தாள். மெழுகை உருக்கியது, பற்களை வரிசை வைத்தது, எல்லாவற்றையும் பித்தளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஸ்டவ்வின் மேல் கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்தது. அவ்வப்போது ஏதாவது கேட்பாள். முதலில் எனக்கும் புரியவில்லை. கூடவே இருந்து கேட்கக் கேட்க, எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று பிடிபட்டது. நான் அதை ஒரு பாடம் போலக் கற்றுக்கொண்டேன்.

தட்டை மாட்டிய அன்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மூக்கில் வரவில்லை. மகள் குனிந்து மூக்கைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"இன்னா ரெண்டு பேரும் மூக்கையே பாத்துகினு கீறீங்க? வெறுந் தண்ணிதானா, ஒரு டீ கெடையாதா?"

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இடத்தை அவள் ஒரே காலையில் திருப்பி வாங்கிவிட்டாளாம். எப்படி என்று மகள் சொல்லத் தொடங்கி, டாக்டர் முன்னறையில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவ்வளவையும் ஆஸ்பத்திரியில் சொல்ல முடியாது என்றாள்.

நான் அவளுக்குச் சொல்லியனுப்பியவை இவை. சாப்பிட்டவுடன் தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரியில் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், காயவிட்டால் வளைந்துவிடும். உப்பும் சோடாவும் கரைத்த தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மிச்சமிருக்கும் பற்களைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலை கூடவே கூடாது. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிசகாமல் சொன்னாள்.

அடுத்த மாதம் தட்டு பொருந்தவில்லை என்று வந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். நான் கொடுத்தது ரோஜா நிறம். வந்திருந்தது செங்கல் நிறம். ஒரு பக்கம் தெளிவாக வளைந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள்தான் சொன்னாள்.

பருத்தி வலை உப்பில் இற்றுப்போகாமல் இருக்க, மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் அதை முக்கி எடுப்பது அவர்கள் வழக்கம். நைலான் வலை வந்துகொண்டிருந்தாலும் அவர்கள் வீட்டில் இன்னும் பருத்திதான். குப்பத்தில் பெரிய பானையில் பட்டை கொதித்துக்கொண்டிருந்த அன்று, இவள் தட்டைக் கழற்றி ஒரு துண்டு வலையில் முடிந்து அதற்குள் விட்டிருக்கிறாள்.

"ஊருக்கே புத்தி சொல்லும்க்கா இது. அதும் பல்ல கொண்டாந்து வலப் பானைல போட்டுக்கீது."

அவளுக்கு வெட்கமே இல்லை. தட்டு இல்லாத வாயால் சொன்னாள். நான் புரிந்துகொண்டு மகளுக்குச் சொன்னேன். வலைக்கு நல்லது என்றால் பல்லுக்கு ஆகாதா? செய்யும்போது நானும் அதை அடுப்பில் வைத்து வேகவைத்தவள்தானே, அதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? வெந்துதானே அது பிறந்தது?

பூட்டிய பெட்டிக்குள் அழுத்தத்தில் வேகும்போது தட்டு அச்சின் வடிவத்தைப் பிடிக்கும். சும்மா கொதிக்கவிட்டால் வடிவத்தை விட்டுவிடும் என்றேன். அவள் மகளைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். புது அச்சு எடுத்து, புது வார்ப்பு ஊற்றி, புதுத் தட்டு செய்துகொடுத்தேன். இரண்டாவது வார்ப்பு அலமாரிக்குப் போனது. டாக்டர் இந்தக் கதையை ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னார். அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம் பானை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் இருந்தார்கள். அவளும் சளைக்காமல் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க அவள் நன்றாக இருந்தாள். சோறு குழம்பில்லாமல் இறங்கவில்லை என்பதைத் தவிரக் குறை சொல்லவில்லை. பொங்கல் கழிந்து வந்தபோது தட்டு மறுபடியும் பொருந்தவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார், மறுபடியும் பானையா என்று. இல்லை என்றாள். மகளும் நம்பவில்லை. மகளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. மசக்கையோடு பஸ்ஸில் வந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. எங்கே காயவைத்தாய், கருவாட்டுப் பாயிலா, உண்மையைச் சொல் என்று திட்டினாள்.

"கடல் மேல ஆணையா நான் ஒன்னும் பண்ணல. தண்ணிலதான் போட்டு வச்சன். நேத்து வரைக்கும் கொஞ்சம் புடிச்சினு இருந்துது. இன்னிக்கு ஏறவே மாட்டேங்குது."

தட்டில்லாமல் அவள் சொன்னதை நான்தான் மகளுக்கு எடுத்துச் சொன்னேன். கடல் மேல் ஆணை என்பதை அந்தக் குப்பத்தில் யாரும் சும்மா சொல்லமாட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. மகளுக்குத் தெரியும். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நான் தட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அலமாரியிலிருந்து இரண்டாவது வார்ப்பை எடுத்துத் தூசியை ஊதிவிட்டு மேடையில் வைத்தேன். தட்டு வளைந்திருந்தால் வார்ப்பில் ஆடும். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். வைத்தேன். மெல்லிய சத்தத்தோடு உட்கார்ந்தது. அழுத்திப் பார்த்தேன், ஆடவில்லை. வார்ப்பைத் தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை. நான் செய்த தட்டுகளிலேயே அவ்வளவு சரியாக உட்கார்ந்த தட்டு வேறு இல்லை.

அச்சில் பிழையில்லை. தட்டு வளையவில்லை.

வார்ப்போடு முன்னறைக்குப் போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போனது. விளக்கை இழுத்து, கண்ணாடியை எடுத்து, அவள் வாய்க்குள் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். குழியின் பின்சுவரில் சதை மேடாக எழும்பியிருந்தது. தட்டின் குமிழ் போக வேண்டிய இடத்தில் அது இருந்தது.

அவள் எங்கள் முகங்களைப் படிக்க முயன்றாள். நாங்கள் இருவரும் முகத்தில் எதையும் காட்டாமலிருக்கப் பழகியவர்கள். கடைசியில் வார்ப்பைப் பார்த்தாள். இவ்வளவு நாள் என் முக்காலியில் உட்கார்ந்திருந்தவள். அதில் தட்டு உட்கார்ந்திருப்பதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்தது.

"தட்டு மேல தப்பு இல்ல, இல்ல? ஓட்டதான் தூந்துகினு வருது. புண்ணு ஆறுதுன்னுதான அர்த்தம்?"

நான் அதை எடுத்துச் சொன்னதும் மகள் முகம் மலர்ந்தது. டாக்டர் கை கழுவப் போனார். சென்னையில் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னார்.

சென்னைக்கு அவள் புருஷனோடு போனாள். அந்த இடத்தில் மறுபடியும் கரண்டு வைக்க முடியாது, வெட்டவும் முடியாது, வலிக்கு மருந்து தருகிறோம், பிரியப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் செங்கல்பட்டில் இறங்கி எங்களிடம் வந்தார்கள். இதை டாக்டரிடம் அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். மகளிடம் சொல்ல வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி, பிரசவம் ஆகட்டும் என்றாள் இவள். ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது என்றே மகள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றாள். பிறகு தட்டை எடுத்து என் கையில் கொடுத்து, ராவிச் சின்னதாக்கிக் கொடு, சந்தைக்குப் போகணும் என்றாள்.

அரத்தால் குமிழின் பின்பக்கத்தை ராவினேன். எங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அந்தச் சதைதான் சொன்னது. அது எழும்பிய அளவுக்குத் தட்டைக் குறைத்தேன். உட்கார்ந்தது. பேசினாள், தெளிவாகவே. சில வாரம் சந்தைக்கும் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி ராவினேன். மேடையில் சேரும் ரோஜாத் தூளை ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்தேன். எனக்குப் பொருத்தும் வேலைதான் தெரியும். பொருந்தாத ஒன்றுக்கு இடம்விட்டுக்கொண்டே போவதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அதையும் ஒழுங்காகவே செய்தேன். விளிம்புகளை வழவழப்பாக்கி, பளபளப்பேற்றித்தான் கொடுத்தேன்.

பங்குனி வெயிலில் மகள் தனியாக வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பிரசவத்துக்கு நாள் இருந்தாலும் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாளாம். ஒரு பவுடர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் தட்டைப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மாவால பஸ்ஸு ஏற முடியலக்கா. ஓட்ட நல்லா தூந்துட்டுது, தட்டுதான் பெருசா கீது. இன்னும் கொஞ்சம் ராவிக் குடு."

வாயைப் பார்க்காமல் ராவ முடியாது என்றேன். நான் சொன்னது உண்மை. அவள் பவுடர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்திருக்க முயன்றதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன்.

மூன்று அரங்கள், கண்ணாடி, டார்ச் விளக்கு, பஞ்சு, வாஸலின், கம்பியை வளைக்கும் குறடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். அங்கே இறங்கியதும் சுற்றுலா வந்தவர்கள் கோயில் பக்கம் போனார்கள். நான் தெற்கே போகும் பஸ்ஸுக்கு நின்றேன். மகள் ரோட்டுக்கே வந்து காத்திருந்தாள்.

ஓலை வீட்டுக்குள் அவள் அம்மா பாயில் படுத்திருந்தாள். கன்னம் வெளிப்பக்கமும் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. புருஷன் வாசலில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வலையைத் தொடவில்லை. நான் வாயைத் திறக்கச் சொன்னேன். விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். குழி இல்லை. முழுக்க நிரம்பிக் கீழேயும் இறங்கியிருந்தது. கம்பி மாட்டுவதற்காக விட்டுவைத்த பற்கள் மேலே கடைசியாக எஞ்சியிருந்தவை. ஒன்றை மெதுவாகத் தொட்டேன், ஆடியது. இனி இந்தத் தட்டைக் காகிதம் போல ராவினாலும் உட்காருவதற்கு இடம் இல்லை.

இருந்தாலும் பையிலிருந்து அரத்தை எடுத்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூக்கும் அடைபட்டிருந்ததால் அந்தப் பழைய ஙகர ஒலிகூட இல்லை. தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. நான் குனிந்து கேட்டேன். இரண்டாவது தடவை சொன்னபோது புரிந்தது.

"தட்ட ராவுனது போதும்மே. என்னிய ராவு."

மகள் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"அம்மா இன்னாக்கா சொல்லுது?"

புருஷன் வாசலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவளுடைய பேச்சு புரிந்தவள் நான் ஒருத்திதான்.

"தண்ணி கேக்கறாங்க" என்றேன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள். அது உள்ளே போகவில்லை, கன்னத்தில் வழிந்து பாயில் இறங்கியது. அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீக்கம் கொஞ்சம் வடியட்டும், பிறகு ராவலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள். அரத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பவுடர் டப்பாவில் இருந்த பழைய தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, செம்பில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றி, தட்டு முழுக்க முங்கியிருக்கிறதா என்று பார்த்து மூடி வைத்தாள். காயவிட்டால் வளைந்துவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.